எட்ஜ் ஆஃப் டுமாரோ: எதிர்பாராமல் நன்றாக அமைந்த படமா, எதிர்பார்க்க விடாமல் செய்யப்பட்ட படமா?

கேள்வி இது: "டாம் குரூஸ் நடித்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' படத்தை எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் பார்த்தேன். வேற்றுக்கிரக உயிரிகளோடு சண்டை போடும் வழக்கமான படம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசி வரை கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? இவ்வளவு நல்ல படம் வெளியானபோது ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை?"

உங்கள் வியப்பு நியாயமானது. 2014-இல் வெளியான இப்படத்தைப் பார்த்தவர்களில் பலர் முதலில் சொல்வது, "இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை" என்பதைத்தான். படத்தின் தரத்துக்கு நான் ஒரு காரணத்தையே முதன்மையாகச் சொல்வேன். ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழும் நாயகனுக்கு என்ன தெரியும், அவன் அருகில் நிற்பவர்களுக்கு என்ன தெரியும், பார்க்கும் நமக்கு என்ன தெரியும் என்ற மூன்றையும் இப்படம் காட்சிக்குக் காட்சி இடம் மாற்றி வைக்கிறது. சண்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம்மை இருக்கையில் கட்டிப்போடுவது அந்த ஏற்றத்தாழ்வுதான். கதையின் திருப்பங்களைத் தொடாமல் இதை விளக்க வழியில்லை. ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படிப்பது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இப்படம் ஹிரோஷி சகுரசாகா 2004-இல் எழுதிய 'ஆல் யூ நீட் இஸ் கில்' என்ற ஜப்பானிய நாவலைத் தழுவியது. அந்தப் பெயரில் 'கொலை' என்ற சொல் இருந்ததாலோ என்னவோ, படத்துக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. சூட்டிய பெயரோ, எந்த அறிவியல் புனைவுப் படத்துக்கும் வைத்துவிடக்கூடிய, கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லாத பெயராக அமைந்தது. இதற்கு முந்தைய ஆண்டுதான் அதே நடிகர் பாழடைந்த பூமியில் நடக்கும் இன்னொரு அறிவியல் புனைவுப் படத்தில் வந்திருந்தார். போஸ்டரில் மறுபடியும் அவர் இரும்புக் கவசத்தோடு நிற்பதைக் கண்டவர்கள், இதையும் அதே வகையில் சேர்த்துக் கடந்து போனார்கள். படத்துக்குள் இருக்கும் நகைச்சுவையை விளம்பரங்கள் காட்டவே இல்லை.

அமெரிக்காவில் படம் 2014 ஜூன் 6 அன்று வெளியானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதன் எழுபதாவது நினைவு நாள் அது. பிரெஞ்சுக் கடற்கரையில் படைகள் இறங்குவதை மையமாகக் கொண்ட கதைக்கு அந்த நாள் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அதே நாளில் வெளியான ஓர் இளம் காதலர் படமும், ஒரு வாரம் முன்பே வந்திருந்த ஒரு மாயக்கதைப் படமும் வசூலில் முந்திக்கொள்ள, இப்படம் அங்கே முதல் வார இறுதியில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அந்த மூன்று நாள்களில் கிடைத்தது ஏறத்தாழ 2.9 கோடி டாலர். சுமார் 17.8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் படத்துக்கு அது போதாது. பார்த்தவர்கள் வாய்வழியாகப் பரப்பியதாலும் வெளிநாட்டு வரவேற்பாலும் உலகளாவிய வசூல் 37 கோடி டாலரைத் தொட்டது. பின்னர் டிவிடி வட்டாக வெளியிட்டபோது, 'வாழ், சாவு, மறுபடியும் தொடங்கு' என்ற பொருள்படும் விளம்பர வாசகத்தைப் பெரிய எழுத்திலும் படத்தின் பெயரைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டார்கள். அந்த வாசகமே முதலிலிருந்து பெயராக இருந்திருந்தால், கதை இன்னதென்று மக்களுக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி படத்துக்குள் போவோம்.

வில்லியம் கேஜ் என்ற பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் விதத்திலேயே திரைக்கதையின் துணிச்சல் தெரிகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதி மிமிக்குகள் எனப்படும் உயிரிகளிடம் வீழ்ந்துவிட்டது. கேஜ் தொலைக்காட்சிகளில் தோன்றி, புதிய கவச உடை போரையே மாற்றிவிடும் என்று இனிக்க இனிக்கப் பேசி, இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டுகிறான். மேஜர் பதவியும் சீருடையும் இருந்தாலும் அவன் போர்க்களத்தை மிதித்ததே இல்லை. லண்டனில் தளபதி பிரிகம் அவனை அழைத்து, மறுநாள் தாக்குதலின் முதல் அணியோடு கரையிறங்கிப் படம்பிடிக்கச் சொல்கிறார். பிரெண்டன் கிளீசன் நடிக்கும் இந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது டாம் குரூஸின் சிரிப்பை மட்டும் கவனியுங்கள். முதலில் அது தளபதி வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணும் மரியாதைச் சிரிப்பு. பிறகு, இரத்தத்தைப் பார்த்தாலே தனக்கு ஆகாது என்று சொல்லி நழுவப் பார்க்கும் குழைவுச் சிரிப்பு. அதுவும் பலிக்காதபோது, போர்க்களத்திலிருந்து பிணங்கள் வரத் தொடங்கினால் பழி யார்மேல் விழும் என்பதைத் தன் எழுத்து தீர்மானிக்கும் என்று மிரட்டுகிறான். அப்போதும் உதட்டில் சிரிப்பு இருக்கிறது, கண்ணில் அச்சம் இருக்கிறது. தளபதி குரலை உயர்த்துவதே இல்லை. கேஜ் விடைபெற்றுக்கொண்டு அறையை விட்டு வெளியேறும்போது, அவனைக் கைது செய்யச் சொல்கிறார்.

வானளாவிய கட்டடத்தில் தொங்கியும் மலையில் ஏறியும் அஞ்சாதவன் என்ற பிம்பத்தைப் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய ஒரு நட்சத்திரம், முதல் பத்து நிமிடங்களில் நாம் வெறுக்கத்தக்க கோழையாக நிற்கிறார். அந்தப் பிம்பம் நமக்குத் தெரியும் என்பதையே திரைக்கதை பயன்படுத்திக்கொள்கிறது. வேறொரு நடிகர் செய்திருந்தால் இது கோழை ஒருவனின் கதை என்ற அளவில் நின்றிருக்கும். குரூஸ் செய்வதால், நமக்குப் பழக்கமான அந்த வீரன் இந்த மனிதனுக்குள்ளிருந்து எப்போது வெளிவருவான் என்று நாம் காத்திருக்கிறோம். படமோ நம்மை வெகுநேரம் காக்க வைக்கிறது. ஹீத்ரோ விமான நிலையம் படைத்தளமாக மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே குவிந்து கிடக்கும் பைகளின்மேல், கையில் விலங்கோடு கேஜ் கண்விழிக்கிறான். ஒரு சார்ஜென்ட் அவனை உதைத்து எழுப்புகிறான். மேஜர் பதவி பறிபோய், ஓடிப்போகப் பார்த்த சாதாரணச் சிப்பாய் என்று அவனைப் பற்றிய கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தைப் படிக்கும் மாஸ்டர் சார்ஜென்ட் ஃபாரெலாக வருபவர் பில் பாக்ஸ்டன். வேற்றுக்கிரக உயிரிகளோடு மோதும் படைவீரர்களைப் பற்றிய 1986-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படமொன்றில் பயந்து புலம்பும் சிப்பாயாக நடித்தவரே இங்கே பயந்தவனை விரட்டும் அதிகாரியாக வருவது, அந்தப் படத்தை அறிந்தவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

மறுநாள் கரையிறங்கும்போது கேஜுக்குத் தன் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கக்கூடத் தெரியவில்லை. எப்படித் திறப்பது என்று அருகிலிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எவரும் பதில் சொல்வதில்லை. விமானம் அடிபட்டுச் சிதற, கயிற்றில் தொங்கிக் கடற்கரை மணலில் விழுகிறான். போரின் நாயகியாகப் போஸ்டர்களில் அவன் பார்த்த ரீட்டா வ்ரட்டாஸ்கியும் அவன் கண்முன்னே சாகிறாள். வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருக்கும் ஒரு மிமிக் அவன்மேல் பாய, கையில் அகப்பட்ட கண்ணிவெடியை அவன் வெடிக்கச் செய்கிறான். அதன் இரத்தம் முகத்தில் வழிய, அதனோடு சேர்ந்து அவனும் சாகிறான். உடனே பைகளின்மேல் கண்விழிக்கிறான். அதே உதை, அதே குரல். ஆல்ஃபா எனப்படும் அந்த உயிரியின் இரத்தம் கலந்ததால், ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் அந்த நாள் அவனுக்கு மறுபடி தொடங்குகிறது.

கால வளையக் கதை தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இன்று புதிதல்ல. 2021-இல் வெங்கட் பிரபு இயக்கி, சிலம்பரசனும் எஸ்.ஜே. சூர்யாவும் நடித்த 'மாநாடு' அதை நம் ஊர்களின் திரையரங்குகளுக்கே கொண்டுவந்துவிட்டது. அந்தப் படத்தில் வில்லனும் வளையத்துக்குள் வந்துவிடுவதால் இருவரும் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் ஆட்டம் சூடு பிடிக்கிறது. 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'வில் எதிரிக்கும் இந்தச் சக்தி உண்டு. சொல்லப்போனால் அது எதிரியின் சக்திதான், கேஜ் அதைத் தற்செயலாகப் பறித்துக்கொண்டவன். மிமிக்குகளுக்கெல்லாம் மூளையாக இருக்கும் ஒமேகா, ஓர் ஆல்ஃபா செத்ததும் நாளைத் திருப்பி வைத்து, முன்பு நடந்ததை நினைவில் கொண்டு போரிடுகிறது. மனிதர்கள் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கான விடையும் இதுதான். கதையின் புதிரையும் போரின் புதிரையும் ஒரே விதியால் அவிழ்த்தது நாவலாசிரியரின் கூர்மை. வீடியோ விளையாட்டுகளில் செத்துச் செத்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் அனுபவமே நாவலுக்கு வித்து என்று அவரே எழுதியிருக்கிறார்.

இவ்வகைக் கதைகளுக்கு எப்போதும் உள்ள ஆபத்து சலிப்பு. ஒரே நாளைப் பத்து முறை காட்டினால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். ஜேம்ஸ் ஹெர்பர்ட், லாரா ஜென்னிங்ஸ் ஆகியோரின் படத்தொகுப்பு இதைக் கையாளும் முறையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முதல் நாளை முழுதாகக் காட்டுகிறார்கள். இரண்டாவது முறை அதே நிகழ்வுகள் கேஜின் குழப்பத்தோடு வருகின்றன. கோணங்கள் மாறுகின்றன, இடையிடையே வெட்டுகள் விழுகின்றன. மூன்றாவது முறையிலிருந்து நமக்கு மனப்பாடமானவற்றை விட்டுவிட்டு, மாறியவற்றை மட்டும் தருகிறார்கள். ஒரே கதையைப் பல இரவுகள் கேட்ட குழந்தை அடுத்த வரியைத் தானே சொல்லிவிடுவதைப் போல, ஃபாரெல் என்ன சொல்லப் போகிறார், எந்தச் சிப்பாய் எங்கே சாகப் போகிறான் என்பதையெல்லாம் நாமே முன்கூட்டிச் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு படம் வேகமெடுக்கிறது. சாவு இங்கே ஒரு வெட்டாகவே ஆகிவிடுகிறது: கேஜ் தரையில் விழும் கணத்தில் அடுத்த காட்சி தொடங்கிவிடும். மற்றப் படங்களில் ஒரு பாத்திரம் சாகும்போது இசை எழும்பும், படம் ஒருகணம் நின்று அழும். இங்கே அது நிறுத்தற்குறியைப் போல வந்து போகிறது. அதிலிருந்துதான் படத்தின் நகைச்சுவையும் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். படையணி தரையில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வண்டி கடந்து செல்கிறது. அதன் அடியில் உருண்டு மறுபக்கம் போய்விட்டால், எவர் கண்ணிலும் படாமல் ரீட்டா இருக்கும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடலாம் என்று கேஜ் கணக்குப் போடுகிறான். உருள்கிறான், சக்கரத்தில் நசுங்குகிறான். காட்சி எங்கும் நிற்பதில்லை. சத்தம் ஒன்று கேட்கிறது, திகைத்துப்போன முகங்கள் தெரிகின்றன, அவ்வளவுதான், மறுபடி பைகள், மறுபடி உதை. அடுத்த முறை சரியான நொடியில் உருண்டு மறைகிறான். இரண்டுக்கும் நடுவே எத்தனை முறை நசுங்கினான் என்பதைப் படம் நம் கணக்குக்கே விட்டுவிடுகிறது. பயிற்சிக் கூடத்திலும் இதே கதைதான். சுழலும் இயந்திரக் கைகள் அடித்து எலும்பு முறிந்து கிடக்கும் கேஜை ரீட்டா ஒரு நொடியும் தயங்காமல் தலையில் சுட்டு, நாளை மறுபடி தொடங்க வைக்கிறாள். அடிபட்டாலும் ஆடிப்பார்க்கலாமே என்று அவன் கெஞ்சக் கெஞ்சச் சுடுகிறாள். இயக்குநர் டக் லைமனின் முந்தைய படங்களிலும் அதிரடியும் வேடிக்கையும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் வரும். இங்கே அவருக்கு அதற்கேற்ற கதையே கிடைத்துவிட்டது.

ரீட்டாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எமிலி பிளண்ட் நடித்த இப்பாத்திரம், நாயகனுக்குப் பரிசாகக் கிடைக்கும் பெண்ணாகவும் இல்லை, அவனுக்காகக் காத்திருந்து காப்பாற்றப்படும் பெண்ணாகவும் இல்லை. அவளும் ஒருகாலத்தில் இதே வளையத்துக்குள் இருந்தவள். வெர்டன் போரில் தனியொருத்தியாக வென்றாள் என்று உலகம் கொண்டாடும் வெற்றி, நூற்றுக்கணக்கான முறை தோற்றுச் செத்துப் பெற்ற வெற்றி. முதல் உலகப் போரில் 1916-இல் மாதக்கணக்கில் இலட்சக்கணக்கானோரை விழுங்கிய களத்தின் பெயரையே இதற்கு வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. காயம்பட்டு வேறொருவரின் இரத்தத்தை ஏற்றியதும் அச்சக்தி அவளை விட்டுப் போய்விட்டது. கடற்கரையில், எங்கே குண்டு விழும், எங்கே மிமிக் எழும் என்று முன்கூட்டியே அறிந்து கேஜ் நகர்வதைக் கண்ட மறுகணம் அவளுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. தப்பியோட முயலாமல் நின்று, கண்விழித்ததும் தன்னை வந்து தேடும்படி சொல்கிறாள். அடுத்த நொடி வெடிப்பு இருவரையும் விழுங்குகிறது. அந்த ஒரு வரிதான் படத்தின் முதல் பெரிய திருப்பம். அதுவரை தனியாகப் பைத்தியம் பிடித்தவனைப் போல அலைந்தவனை நம்பும் ஒருத்தி கிடைத்துவிட்டாள். ஆனால் ஒவ்வொரு காலையிலும் அவள் அவனை அறியாதவளாகவே இருப்பாள்.

இந்த வேதனையை வசனமாகச் சொல்லாமல் காட்சியாக்கிய இடம் பண்ணைவீடு. இப்படத்தை நல்ல அதிரடிப் படம் என்ற நிலையிலிருந்து மேலே உயர்த்துவது இந்தப் பத்து நிமிடங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். கேஜும் ரீட்டாவும் ஒருவழியாகக் கடற்கரையைக் கடந்து, ஒரு வண்டியில் உள்நாட்டுக்குள் போய், கைவிடப்பட்ட பண்ணையை அடைகிறார்கள். கொட்டிலில் ஹெலிகாப்டர் ஒன்று நிற்கிறது. ரீட்டா அதைக் கிளப்பப் பரபரக்கிறாள். கேஜோ அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லி, வீட்டுக்குள் போய்க் காபி கலந்து தருகிறான். கோப்பையில் சர்க்கரையைப் போடும்போது அவளிடம் கேட்கவில்லை. மூன்று கரண்டி போடுகிறான். ரீட்டா அந்தக் கையைப் பார்க்கிறாள். நாமும் பார்க்கிறோம். அதுவரை கேஜோடு சேர்ந்து நாமும் முதன்முறையாக இங்கே வந்திருக்கிறோம் என்று எண்ணியிருந்த நமக்கு அப்போதுதான் உறைக்கிறது: அவன் இங்கே பலமுறை வந்திருக்கிறான், அவளுக்கு எப்படிக் காபி வேண்டும் என்று தெரியும் அளவுக்கு வந்திருக்கிறான், படம் அதை நம்மிடமிருந்தும் மறைத்துவிட்டது.

இந்த ஒரு காட்சிக்காக அதுவரையிலான ஒப்பந்தத்தையே படம் மாற்றுகிறது. முதல் பகுதியில் கேஜுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும், மற்றவர்கள் அறியாதவர்கள். பண்ணைவீட்டில் நாம் ரீட்டாவின் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறோம். அறியாதவர்கள் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுகிறோம். கேஜ் ஏன் அவளை ஹெலிகாப்டரில் ஏறவிடாமல் நேரம் கடத்துகிறான் என்பது அவள் வற்புறுத்திக் கேட்கக் கேட்க வெளிவருகிறது. எந்த வழியில் முயன்றாலும் அவள் இதற்கு மேல் உயிரோடு போவதில்லை. ஹெலிகாப்டரைக் கிளப்பினால் அருகில் பதுங்கியிருக்கும் மிமிக் எழுந்துவிடும். அவளோ வீரத்தின் பெயரால் கோபப்படுகிறாள். ஹெண்ட்ரிக்ஸ் என்ற ஒருவன் முந்நூறு முறை சாவதைத் தான் பார்த்திருப்பதாகவும், ஒவ்வொன்றும் இன்னும் நினைவில் இருப்பதாகவும் சொல்கிறாள். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச மறுக்கிறாள். அவன் அவளுக்கு யார் என்பதைப் படம் விளக்குவதே இல்லை. விளக்காததால்தான் அந்த எண் நம் மனத்தில் தங்குகிறது. அவள் எச்சரிக்கையை மீறி ஹெலிகாப்டரைக் கிளப்பிச் சாக, கேஜ் அடுத்த முறை கண்விழிக்கும்போது அவளைத் தேடிப் போகாமல், அவளைக் கடந்து தனியாகப் போகிறான். பயத்தினால் ஓடியவன் இப்போது அக்கறையினால் ஒதுங்குகிறான். கோழை வீரனாக மாறியதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஜெஸ் பட்டர்வொர்த், ஜான்-ஹென்றி பட்டர்வொர்த் சகோதரர்களும் எழுதிய திரைக்கதை இதற்குப் பிறகு ஒரு கடினமான சிக்கலைச் சந்திக்கிறது. சாகாத நாயகனுக்கு என்ன ஆபத்து இருக்க முடியும்? விடையைக் கதையின் விதிக்குள்ளிருந்தே எடுக்கிறார்கள். ரீட்டா சக்தியை இழந்தது எப்படி என்பதை முன்பே சொல்லியிருந்தார்கள் அல்லவா? விபத்தில் அடிபட்டு மயங்கிக் கிடக்கும் கேஜ் மருத்துவமனையில் கண்விழித்துப் பார்க்கும்போது, கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. நோயாளியைக் காப்பாற்றும் அந்தச் சிவப்புப் பை, இப்படத்தில் எந்த மிமிக்கையும்விட அச்சமூட்டுவதாக ஆகிவிடுகிறது. அதுவரை சாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், இனி எந்தச் சாவையும் திருப்ப முடியாது என்று அறிந்ததும் நிமிர்ந்து உட்காருகிறோம். பெயரும் முகமும் பழகிப்போன படையணியினர் ஒவ்வொருவராக விழும்போது, முன்பு பலமுறை பார்த்த அவர்களுடைய சாவுகளுக்கு இல்லாத கனம் இப்போது வந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடக்கும் உச்சக்கட்டம், இருளும் நீரும் இடிபாடுகளுமாக, மற்றப் பெரிய படங்களின் உச்சக்கட்டங்களோடு ஒத்துப்போய்விடுகிறது. ஒன்றரை மணி நேரம் அறிவால் நடத்திய ஆட்டத்தைக் கடைசியில் ஓட்டத்தால் முடிக்கிறார்கள். முடிவும் விவாதத்துக்குரியது. ஒமேகாவின் இரத்தம் கலந்து கேஜ் வழக்கத்தைவிட முந்தைய நேரத்தில், கைது செய்யப்படுவதற்கும் முன்பாகக் கண்விழிக்கிறான். அப்போதும் ஒமேகா அழிந்தே கிடக்கிறது என்பதற்குப் படம் தரும் விளக்கம் மெலிந்தது. படம் தானே போட்ட விதியை இங்கே தளர்த்திக்கொள்கிறது. நாவலின் முடிவு இதைவிடக் கடுமையானது: அங்கே நாயகன் கேஜி கிரியாவும் ரீட்டாவும் இருவருமே வளையத்தில் சிக்கியவர்கள், அதிலிருந்து வெளியேற ஒருவர் சாக வேண்டும், கேஜி அவளைக் கொல்ல நேர்கிறது. அந்த முடிவுக்குத் துணிந்திருந்தால் படம் வேறொரு தளத்துக்குப் போயிருக்கும். ஆனாலும் படத்தின் கடைசிக் கணத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தன்னை அறியாத ரீட்டாவின் முன் கேஜ் மறுபடி போய் நிற்கிறான். அவள் அதே எரிச்சலோடு என்ன வேண்டும் என்று கேட்க, அவன் சிரித்துவிடுகிறான். முதல் காட்சியின் கபடச் சிரிப்புக்கும் இதற்கும் உள்ள தொலைவே அந்தப் பாத்திரத்தின் பயணம்.

உங்கள் கண்ணைப் பிடித்து வைத்ததில் இன்னொன்றுக்கும் பங்குண்டு: படத்தின் எடை. சிப்பாய்கள் அணியும் கவச உடைகளைக் கணினியில் வரைந்து சேர்த்துவிடாமல் உண்மையாகவே செய்தார்கள். ஒன்று சுமார் 38 கிலோ. ஆயுதங்களைப் பொருத்தியபின் சில இன்னும் அதிகம். அதை மாட்டிக்கொண்டு ஓடுவதும் விழுந்து எழுவதும் நடிகர்களுக்கு உண்மையான உழைப்பு. கடற்கரைப் போர் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் படப்பிடிப்பு வளாகத்தில் போடப்பட்ட பிரம்மாண்டமான திறந்தவெளித் தளத்தில் எடுக்கப்பட்டது. கேஜ் லண்டனில் வந்திறங்கும் காட்சிக்காக டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு ஹெலிகாப்டரையே இறக்கினார்கள். எமிலி பிளண்ட் கனமான வாளை வீசும்போது உடல் ஒரு கணம் பின்தங்கி வருவதையும், குரூஸ் முதல் நாள் மணலில் நிற்கத் தெரியாமல் தள்ளாடுவதையும் பாருங்கள். பாரம் உண்மையாக இருந்ததால்தான், பிற்பாடு கேஜ் அதே உடையில் நடனமாடுவதைப் போல நகரும்போது அவன் எவ்வளவு பழகியிருக்கிறான் என்பது நம் உடலுக்கே புரிகிறது. வாய்ப்பு அமைந்தால் முதல் கரையிறக்கத்தையும், கேஜும் ரீட்டாவும் தேர்ச்சியோடு கடற்கரையைக் கடக்கும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் கேமரா கேஜின் தோளை ஒட்டி அவனோடு சேர்ந்து தடுமாறுகிறது. இரண்டாவதில் அவன் எங்கே போகப் போகிறான் என்பதை அறிந்ததைப் போல அவனுக்கு இடம் விட்டு நகர்கிறது.

இரண்டாம் முறை பார்க்க நினைத்தால், சண்டைகளை விட்டுவிட்டுக் கேஜின் கண்களைப் பின்தொடருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே அவன் பார்வை அடுத்து நடக்கப்போகும் இடத்துக்குப் போய்விடும். பல காட்சிகளில் அது எத்தனையாவது முறை என்பதை ஊகிக்க அந்தப் பார்வையே போதும். குறிப்பாகக் கடற்கரையிலிருந்து பண்ணைவீடு வரையிலான பயணத்தில், முதல் முறை நாம் கவனிக்கத் தவறிய களைப்பு ஒன்று அவன் முகத்தில் இருந்துகொண்டே வரும். நாவலையும் அதன் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வடிவத்தையும் அதற்குப் பிறகு படிக்கலாம். மாங்காவுக்குப் படம் வரைந்தவர் 'டெத் நோட்' ஓவியர் தகேஷி ஒபாட்டா. நான் நாவலைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அது பெரும்பாலும் தன்மை ஒருமையில் கேஜியின் குரலில் சொல்லப்படுவதால், படம் முகத்திலும் வெட்டிலும் சொன்ன அதே களைப்பை மனத்துக்குள்ளிருந்து கேட்கலாம்.